அதே வண்டி எது?

போர்க்கால ஜீப் ஒன்றை விற்பவர் அதை ‘1943-ஆம் வருடத்து வில்லிஸ்’ என்கிறார். எஞ்சின் இரண்டு முறை மாறியிருக்கும். துருவேறிய தரைத்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துப் போட்டிருப்பார்கள். இடப்பக்கம் இருந்த ஸ்டியரிங் வலப்பக்கம் வந்திருக்கும். கியர்பாக்ஸ் வேறொரு மஹிந்திரா ஜீப்பிலிருந்து கழற்றியதாக இருக்கும். அப்படியானால் 1943 என்ற வருடம் அந்த வண்டியில் எங்கே இருக்கிறது? வாங்க வந்தவருக்கு இது விலையைப் பற்றிய கேள்வி. இதே கேள்வியைத் தேரை வைத்துப் பௌத்தரும், துணியை வைத்து நையாயிகரும், கப்பலை வைத்துக் கிரேக்கரும் கேட்டிருக்கிறார்கள். பழைய ஜீப்பை மதிப்பிட உட்காருபவர் அறிந்தோ அறியாமலோ அந்த வழக்கைத்தான் மறுபடி நடத்துகிறார்.

கொச்சியின் மட்டாஞ்சேரி இந்த வழக்குக்குப் பழகிய ஊர். இங்குள்ள அரண்மனையைப் போர்த்துகீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். 1663-இல் டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்தார்கள். இன்று அதன் பெயர் டச்சு அரண்மனை. கட்டியவன் பெயர் போய், செப்பனிட்டவன் பெயர் நின்றுவிட்டது. போர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயம் 1503-இல் மரத்தால் எழும்பி, 1516-இல் கல்லாக மாறியது. இரண்டும் ஒரே கோயில் என்றே ஊர் சொல்கிறது. யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளிலோ பழைய வீட்டுக் கதவு, தூண், பத்தாயம், கப்பல் விளக்கு என்று வரிசையாக நிற்கும் ஒவ்வொன்றின் முன்னும் இதே ஐயம் எழுகிறது. பத்தாயத்தின் பலகை பழையது, அடிக்கால் புதியது என்றால் விற்பது எந்தப் பத்தாயம்?

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க ஜீப்பைப் போல ஏற்ற யந்திரம் வேறில்லை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. பேன்டம் என்ற சின்ன நிறுவனம் 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து செப்டம்பர் 23-இல் ஒப்படைத்தது. ஆனால் பெருவாரியான ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. வில்லிஸ் செய்தது எம்பி, ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்தைத் தாண்டின. ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. களத்துப் பட்டறையில் அடிபட்ட இரண்டு ஜீப்பைப் பிரித்து ஓடும் ஜீப் ஒன்றைக் கட்டுவார்கள். எந்த நட்டு எந்தக் கம்பெனியினுடையது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. ஆகவே கலப்பு ஜீப்பின் பிறவிக் குணம். எண்பது வருடம் கழித்து அதில் ‘கலப்பில்லாத’ ஒன்றைத் தேடுபவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டே தேட வேண்டும்.

போருக்குப் பின் மிஞ்சிய ஜீப்புகள் இந்தியாவில் டிஸ்போசல் சரக்காக விலைபோயின. 1947-இல் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்புகளை இங்கே இணைத்து விற்கத் தொடங்கியது. பிறகு பானெட் உயர்ந்த சிஜே-3பி பல பத்தாண்டு காலம் இந்தியாவின் மலைச் சாலைகளையும் அரசு அலுவலகங்களையும் ஆண்டது. ராணுவத்துக்காக ஜபல்பூர் தொழிற்சாலை 1969 முதல் நிஸான் வரைபடத்தின்படி ஜோங்காவைச் செய்தது. இன்று ‘மிலிட்டரி ஜீப்’ என்று விலைக்கு வருவது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். படை கண்டம் செய்து ஏலத்தில் விட்ட வண்டியும் அதில் உண்டு. பச்சைப் பெயின்ட் அடித்த சாதாரண மஹிந்திராவும் உண்டு.

இனம் பிரிப்பது கடினம் அல்ல. போர்க்கால ஜீப்பின் முகப்பில் ஒன்பது பிளவு, சிவில் ஜீப்பில் ஏழு. போர் வண்டியின் முகவிளக்கு சிறியது, உள்வாங்கியது. கீல் வைத்திருப்பதால் அதைத் திருப்பி எஞ்சின் மேல் வெளிச்சம் பாய்ச்சலாம். பெட்ரோல் ஊற்றும் வாய் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். பின்பக்கம் இறக்கும் கதவு கிடையாது. 1945-இல் வந்த சிவில் சிஜே-2ஏ-க்குப் பின்கதவு உண்டு. பெட்ரோல் மூடி வெளியே தெரியும். எம்பியையும் ஜிபிடபிள்யூவையும் பிரிக்க ரேடியேட்டருக்குக் கீழே சட்டத்தின் முன் குறுக்குக் கம்பியைப் பார்த்தால் போதும். வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்து வைத்த வாய்க்கால் வடிவம். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது. ஒரு வண்டியைச் சுற்றி வந்து ‘எஃப்’ போட்ட போல்ட் எத்தனை, போடாதது எத்தனை என்று எண்ணினால் அதன் வாழ்க்கை பாதி தெரிந்துவிடும். போர்க்கால ஜீப் அனைத்தும் இடப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்தவை. வலப்பக்கம் மாற்றிய வண்டியில் பழைய ஸ்டியரிங் பெட்டியை முடுக்கிய துளைகள் இடப்பக்கச் சட்டத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. அந்தத் துளைகள் வண்டியின் தழும்புகள். நேர்மையான வண்டி தழும்பை மறைக்காது.

கொச்சியின் உப்புக்காற்றில் நின்ற வண்டியாக இருந்தால் மேல் பெயின்ட்டைப் பார்ப்பதில் பயன் இல்லை. கீழே படுத்துப் பார்க்க வேண்டும். போர்க்கால ஜீப்பின் தரைக்கு அடியில் தொப்பி வடிவில் வளைத்த நீளத் தகடுகள் ஓடும். பலத்துக்காக அவற்றின் உள்ளே மரக்கட்டை வைத்திருந்தார்கள். அந்தக் கட்டை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும். அரித்த இடம் மந்தமாகக் கேட்கும், சில சமயம் மரத்தூளும் துருவும் சேர்ந்து உதிரும். பக்கவாட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடவியிருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசியில் எண்ணுக்கு வர வேண்டும். ஃபோர்டில் அது சட்டத்தின் இடப்பக்க மேற்பரப்பில் பொறித்தது. வில்லிஸில் இடப்பக்கச் சட்டத்தின் உட்புறம், பம்பருக்குப் பின்னால் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கும். ஆர்டிஓ அலுவலகத்தில் செய்வதுபோல வெள்ளைக் காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் மெல்ல எழும்பி வரும். கண்ணுக்குத் தெரியாதது காகிதத்தில் தெரிந்துவிடும். ஓர் எண் மட்டும் ஆழமாக விழும், ஒன்று கோட்டை விட்டு இறங்கி நிற்கும், சுற்றிலும் கிரைண்டர் ஓடிய கோடுகள் நிழலாகப் படியும். அப்படி வந்தால் அந்த எண் வேறொரு நாளில், வேறொரு கையால் அடிக்கப்பட்டது. போர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கிறார்கள். துணி வெளுத்து நைந்து ஒட்டுப் போட்டாலும், ஓரத்தில் இட்ட சலவைக்குறி அது எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடும். சேஸிஸ் எண் அத்தகைய குறி. குறி துணியாகாது, குறியை வெட்டி வேறு துணியில் தைத்தால் வீடு மாறாது, களவு மட்டுமே நடந்திருக்கும்.

இந்த இடத்தில் பழைய தத்துவ வாதங்கள் கைகொடுக்கின்றன. மிலிந்தர் என்று பாலி நூல் சொல்லும் கிரேக்க அரசர் மெனாண்டரிடம் பிக்கு நாகசேனர், தேரில் வந்தீரா நடந்து வந்தீரா என்று கேட்கிறார். தேரில் என்கிறார் அரசர். அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் அல்ல, இவை கூடியபோது வழங்கும் பெயர்தான் தேர் என்ற முடிவுக்கு அரசரையே கொண்டுவருகிறார். மனிதனுக்கும் அதுவே கதி என்பது அவர் சொல்ல வந்தது. ஜீப் சந்தைக்கு இதைக் கொண்டுவந்தால் ‘அசல் 1943’ என்பதும் வழக்கில் ஓடும் பெயர் மட்டுமே ஆகும். கேட்க விடுதலையாக இருக்கும் இந்த விடை, விற்பவன் கையில் ஆபத்தானது. எல்லாம் பெயர்தான் என்றால் எந்தப் பெயரையும் எதற்கும் ஒட்டலாமே என்று அவன் சொல்லிவிட முடியும். நாகசேனர் அப்படிச் சொல்லவில்லை. பாகங்கள் உண்மையில் கூடியிருந்தால்தான் பெயர் செல்லும் என்பது அவர் வாதத்துக்குள்ளேயே இருக்கிறது.

நியாய வைசேடிகர் எதிர்முனையில் நிற்கிறார்கள். உறுப்புகளுக்கு அப்பால் முழுப்பொருள் என்று ஒன்று தனியே உண்டு, அது உறுப்புகளில் தங்குகிறது என்பது அவர்கள் கட்சி. ஆனால் இந்தக் கொள்கைக்குக் கடுமையான விலை உண்டு. துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து, குறைந்த நூலோடு வேறொரு துணி பிறக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் முதல் ஸ்பார்க் பிளக் மாற்றிய அன்றே 1943-இன் ஜீப் இறந்துவிட்டது. ‘நட்டு போல்ட் உட்பட அசல்’ என்று தேடி வாழ்நாளைக் கழிக்கும் சேகரிப்பாளர்கள் அறியாமலே நையாயிகர்கள்.

மட்டாஞ்சேரியின் குஜராத்தி சாலையில் 1904-இல் கட்டிய தர்மநாதர் சமணக் கோயில் இருக்கிறது. சமணத்தின் விடை இந்த இரண்டுக்கும் நடுவில் அல்ல, இரண்டையும் தாங்கிக்கொண்டு நிற்பது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் தோன்றுகிறது, அழிகிறது, நிலைக்கிறது என்பார்கள். தமிழில் நீலகேசி பௌத்தரோடு நடத்திய வாதப்போரின் பின்புலமும் இதுவே. சமந்தபத்திரர் காட்டும் உவமை இந்தச் சந்தைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பொற்குடத்தை உருக்கி மணிமுடி செய்தால், குடத்தை விரும்பியவன் அழுவான், முடியை விரும்பியவன் மகிழ்வான், பொன்னை விரும்பியவனுக்கு இரண்டும் இல்லை. பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய ஜீப்பின் முன் மூன்று பேர் வந்து நிற்பதாக வைத்துக்கொண்டால் போதும். போர்க்கால வண்டி தேடி வந்தவர் இழந்தார். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆளேற்ற வந்தவர் பெற்றார். மேடேறும் நாலு சக்கரம் போதும் என்பவருக்கு அது அதே ஜீப். மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. எந்த நோக்கில் ‘அதே’ என்று சொல்லாமல் விட்டால்தான் அது பொய்யாகும். ஜீப் வாங்குபவருக்கு இந்த மூன்றில் சமணர் விடையே மிகவும் பயன்படும். முதலில் தாம் குடம் தேடுகிறாரா பொன் தேடுகிறாரா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ள அது வைக்கிறது.

கிரேக்கர் தீசியஸின் கப்பலைப் பற்றிக் கேட்டார்கள்: பலகை ஒவ்வொன்றாக மாற்றி எல்லாம் மாறிய பின் அது அதே கப்பலா? 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சைக் கூட்டினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டால்? ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில் உள்ள மண்டி டபவாலியில் இந்த முடிச்சு அன்றாட வேலை. ராணுவக் கழிவிலும் பழைய இரும்புச் சந்தையிலும் கிடைத்த அச்சு, எஞ்சின், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் மேல் புதுத் தகட்டில் வில்லிஸ் உருவம் அடித்து ஏற்றுகிறார்கள். கேரளம் வரை இவை வந்திருக்கின்றன. அருமையான கைவேலை, தகடு வளைப்பதில் அந்தப் பட்டறைக்காரர்களுக்கு இணை சொல்வது கடினம். டபவாலி ஜீப் என்று சொல்லி விற்கும்வரை அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதன்மேல் 1943-இன் தகட்டை ரிவெட் அடிக்கும்போதுதான் வேறொன்று ஆகிறது.

யூதத் தெருவில் ஹாப்ஸின் முடிச்சு கட்டடமாகவே இருக்கிறது. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயம் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சமூகத்தார் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் அது வழிபாடு இல்லாமல் கிடந்தது. செதுக்கு வேலை நிறைந்த அதன் மர உட்புறம் கழற்றப்பட்டு, 1990-களில் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது. சுவர்கள் மட்டாஞ்சேரியில் நின்றன. 2019 செப்டம்பர் மழையில் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கடவும்பாகம் எங்கே இருக்கிறது? பலகையை வைத்துச் சொன்னால் எருசலேமில். மண்ணை வைத்துச் சொன்னால் மட்டாஞ்சேரியில். அங்கே நின்று ஜெபித்தவர்களை வைத்துச் சொன்னால் இரண்டிலும் இல்லை. ஆனால் இந்தப் பெயர்ச்சியில் யாரும் ஏமாறவில்லை. உள்ளே இருப்பது எங்கிருந்து வந்தது என்று அருங்காட்சியகம் சொல்லியே காட்டுகிறது.

பூரி ஜகந்நாதர் கோயில் இந்த ஒளிவில்லாமையைச் சடங்காகவே ஆக்கியிருக்கிறது. மரத்தாலான மூர்த்திகளைக் குறித்த ஆண்டுகளில் மாற்றிப் புது மரத்தில் செய்கிறார்கள். அண்மையில் 1996-இலும் 2015-இலும் அது நடந்தது. பழைய மூர்த்திக்குள் இருக்கும் பிரம்மப் பொருளை உரிமையுள்ள சேவகர் கண்ணைக் கட்டிக்கொண்டு புதியதற்குள் மாற்றுகிறார். பழைய மரம் கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்படுகிறது. மரம் புதிது என்று ஊரே அறியும். ஜகந்நாதர் அதே ஜகந்நாதர் என்றும் ஊரே அறியும். தமிழகக் கோயில்களில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, முடிந்தபின் குடமுழுக்கில் மூலவருக்குச் சக்தியைத் திருப்புவதும் இந்த வகையே. எங்கும் அதேதன்மை பொருளில் ஒளிந்துகொண்டிருக்கவில்லை; அறுபடாத, அறிவிக்கப்பட்ட தொடர்ச்சி அதைச் சுமக்கிறது. தகட்டைக் கழற்றி இன்னொரு ஜீப்பில் அடிப்பதும் ஒருவகை உயிர் மாற்றம்தான். சாட்சி இல்லாமல் நடப்பதால் அது திருட்டு.

சட்டமும் இதே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. 2021-இல் மத்திய அரசு பழமை வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்தாண்டு செல்லும், எண் பலகையில் மாநில எழுத்தை அடுத்து ‘விஏ’ வரும். கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. அதற்கு முன்பே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. டீசல் ஏற்றிய, நீளம் கூட்டிய ஜீப்புகளின் ஆர்சி புக்கில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதா என்பது ஆகவே முதல் கேள்வி. புக்கில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் அந்த வண்டி இரண்டு வண்டி.

விற்பவர் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில் மதங்கள் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. யூதரின் மிஷ்னா, விற்பதற்காகக் கால்நடையையோ பாத்திரத்தையோ பூசி மினுக்கக் கூடாது என்கிறது. புதியதற்கு வண்ணம் பூசலாம், பழையதற்குத்தான் கூடாது என்று தல்மூத் அதை விளக்குகிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள், மழையில் நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டதை மட்டாஞ்சேரியின் முஸ்லிம் வணிகர்கள் அறிவார்கள். குறையுள்ள சரக்கைத் திருப்பித் தரும் உரிமை இஸ்லாமியச் சட்டத்தில் தனித் தலைப்பு. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் வணிகரைப் பற்றிய குறளோடு முடிகிறது. ரோமில் சிசெரோ, சட்டம் கேட்டதைச் சொன்னால் போதும் என்ற டயோஜெனஸையும், அறிந்த அனைத்தையும் சொல்ல வேண்டும் என்ற ஆண்டிபேட்டரையும் மோதவிட்டு, இரண்டாமவர் பக்கம் நின்றார். பட்டி தடவிய பக்கவாட்டை விரலால் காட்டிவிடும் விற்பனையாளர் அத்தனை பேர் பக்கமும் நிற்கிறார்.

சொல்லாமல் விட்டதன் விலையை நாடே ஒருமுறை கொடுத்தது. 1948-இல் காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருக்க, லண்டனில் இந்தியத் தூதரகம் வழியாகப் படைக்கு ஜீப் வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. புதிய வண்டி அல்ல, செப்பனிட்ட பழைய வண்டி. பணத்தின் பெரும்பகுதி முன்னதாகவே போனது; வந்து இறங்கியவை 155. படைக்கு அவை பயன்படவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய கொள்முதல் சர்ச்சை நாடாளுமன்றத்தில் வெடித்தது. ‘செப்பனிட்டது’ என்ற சொல் என்னென்னவற்றை மூடி வைக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் ஜீப் வரலாற்றில் இல்லை.

எனவே நல்ல மதிப்பீடு காகிதத்தில் முடிய வேண்டும். சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரதி, எஞ்சின் எண், அது எம்பி என்று தொடங்குகிறதா ஜிபிடபிள்யூ என்றா, கியர்பாக்ஸ் எந்த வண்டியினுடையது, தரைத்தகடு மாற்றியதா, எந்த ஆண்டில், எந்தப் பட்டறையில், ராணுவ ஏலச் சீட்டு உண்டா, அதிலுள்ள எண்ணும் சட்டத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒரு தாளில் எழுதி, வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திட்டு, ஆர்சி புக்கோடு அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். 1972-இன் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயதுக்குக் குறையாத பொருளைத்தான் தொல்பொருளாகக் கணக்கில் எடுக்கும். முதல் ஜீப்புக்கு நூறு வயது ஆவது 2040-இல். அதற்குள் இன்றிருக்கும் போர்க்கால வண்டிகள் இன்னும் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். தரைத்தகடு மறுபடியும் மாறியிருக்கும்.